ஒரு முகமும் இரு மனமும்: ‘சார்ம்டு லைஃப்’ கதையில் ஒப்புரு

சிறுவர்க்கென எழுதப்பெறும் கதைகளைத் திறனாய்வுக்குரிய இலக்கியமாகக் கொள்ளத் தயங்குவோர் இன்றும் உளர். மந்திரமும் மாயமும் விரவிவரும் கதையாயின் அத்தயக்கம் மேலும் மிகுகின்றது. இளையோரை வியப்பில் ஆழ்த்தி மகிழ்விப்பதே அத்தகைய கதையின் பயன். அதற்கு அப்பால் அதன்கண் ஆராய்தற்குரியது யாது என வினவுவர். இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. வியப்பு ஒன்றையே பயனாகக் கொண்ட கதைகள் பல உள்ளன என்பது உண்மையே. ஆயினும் வியப்பைக் கருவியாகக் கொண்டு, வேறு ஒரு வழியாற் சொல்லுதற்கரிய உண்மையைச் சொல்லும் கதைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று ஆங்கில எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் 1977-இல் வெளியிட்ட ‘சார்ம்டு லைஃப்’ என்னும் நூல். இந்நூல் 1978-ஆம் ஆண்டுக்குரிய கார்டியன் சிறுவர் புனைகதைப் பரிசினைப் பெற்றது. இணையுலகங்களும், அவற்றில் வாழும் ஒரே முகமுடைய மாந்தரும் இந்நூலின் கதைக்கு அடிப்படை. அவ்வடிப்படை வியப்பின் பொருட்டு அமைந்ததா, அன்றி வேறு பயன் கருதி அமைந்ததா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்புருவும் வேற்றுருவும்

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும். கதை மாந்தர் பிறிதொருவர் வடிவில் தோன்றுதல் இருவகைப்படும். ஒருவர் தம் உள்ளம் மாறாமல் மற்றொருவர் வடிவை மேற்கொள்ளுதல் ஒன்று. இதனை வேற்றுரு எனலாம். மணிமேகலை காயசண்டிகை வடிவம் கொள்வது இவ்வகை. அங்கே வடிவம் இரவல், உள்ளம் மணிமேகலையுடையது. வடிவத்தை நம்பிய காஞ்சனன், அவளைத் தன் மனைவியென்றே கருதி, அவளை நாடிவந்த உதயகுமரனை வெட்டி வீழ்த்துகின்றான். கண்ணாற் கண்டதை நம்புதலால் விளையும் கேடு அது.

இனி, இருவர் தனித்தனிப் பிறந்து தனித்தனி வளர்ந்தும் ஒரே வடிவுடையராய் இருத்தல் மற்றொன்று. இதனை ஒப்புரு எனலாம். இங்கே வடிவம் இரவலன்று, இருவர்க்கும் உரியது. ஐரோப்பிய இலக்கியத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் இக்கருத்து செல்வாக்குப் பெற்றிருந்தது. எட்கர் ஆலன் போ 1839-இல் எழுதிய ‘வில்லியம் வில்சன்’, தஸ்தயேவ்ஸ்கி 1846-இல் எழுதிய ‘இரட்டையன்’ ஆகியவற்றில் ஒப்புரு அச்சத்திற்குரியது. தன் முகமுடைய பிறனைக் காண்பவன் தன் அழிவையே காண்கின்றான். மார்க் டுவைன் 1881-இல் வெளியிட்ட ‘இளவரசனும் ஏழையும்’ என்னும் கதையில் ஒப்புரு சமுதாய அறிவுக்குக் கருவியாகின்றது. அரண்மனைச் சிறுவனும் சேரிச் சிறுவனும் இடம் மாறுதலால் அரசன் குடிகளின் துயரை அறிகின்றான்.

ஜோன்ஸ் கையாளும் ஒப்புரு இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. அது அச்சுறுத்துவதும் அன்று. உலகியலைக் கற்பிப்பதும் அன்று. நெருங்கிய உறவினர் ஒருவரைச் சரியாகக் காணுமாறு ஒரு சிறுவனுக்குக் கண் திறப்பது அது. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

கதையின் அமைப்பு

கேட் சான்ட் என்னும் சிறுவனும் அவன் தமக்கை குவெண்டலினும் நீராவிப் படகு விபத்தொன்றில் பெற்றோரை இழக்கின்றனர். விபத்தின்போது தமக்கையைப் பற்றிக்கொண்டமையால் சிறுவன் பிழைத்தான் என ஊரார் கூறுகின்றனர். அவள் மந்திரம் வல்லவள். அத்தகையோர் நீரில் மூழ்கார் என்பது அவ்வுலகின் நம்பிக்கை. கதையின் தொடக்க வரிகளிலேயே அவன் அவளை வியந்து போற்றுவதும் அவளைப் பற்றிக்கொண்டு நிற்பதும் சொல்லப்படுகின்றன. பின்னர் இருவரும் கிரெஸ்டோமான்சி என்பாரின் மாளிகையில் வளரச் செல்கின்றனர். கிரெஸ்டோமான்சி என்பது ஒருவர் பெயர் மட்டுமன்று. மந்திரத்தைத் தீய வழியில் பயன்படுத்துவோரைக் கட்டுப்படுத்தும் பொறுப்புடைய பதவியின் பெயர்.

அம்மாளிகையில் தன்னை எவரும் பொருட்படுத்தவில்லை என்று சினந்த குவெண்டலின் பல குறும்புகளும் கொடுமைகளும் செய்து, இறுதியில் தன் மந்திர ஆற்றலைப் பறிகொடுக்கின்றாள். அதன்பின் தம்பி மறைவாக வாங்கிவந்த நாகக் குருதியின் துணையால் வேறோர் உலகிற்குச் சென்றுவிடுகின்றாள். அங்கே அவள் அரசி. அவள் இடம் பெயரவே, அவளை ஒத்த பிற உலகச் சிறுமியரும் தத்தம் இடத்தினின்றும் பெயர்கின்றனர். அவர்களுள் ஒருத்தியான ஜானெட் குவெண்டலினின் படுக்கையில் கண் விழிக்கின்றாள். ஜானெட் வாழ்ந்த உலகம் மந்திரமற்ற உலகம். அதாவது நாம் வாழும் உலகம்.

வரலாற்றில் பெரிய நிகழ்ச்சி ஒன்று இருவகையாக முடியக்கூடிய நிலையில் உலகம் இரண்டாகக் கிளைக்கும் என்பது ஜோன்ஸின் கற்பனைக்கு அடிப்படை. இத்தொடரின் மற்றொரு நூலாகிய ‘விட்ச் வீக்’ (1982) 1605-ஆம் ஆண்டின் வெடிமருந்துச் சதியை அத்தகைய கிளைப்பிடமாகக் கொள்கின்றது. அமெரிக்க இயற்பியலறிஞர் ஹ்யூ எவரெட் 1957-இல் வெளியிட்ட கொள்கையும் பல கிளை உலகங்களைப் பற்றியதாக விளக்கப்பட்டது. எனினும் ஜோன்ஸ் இயற்பியலை விளக்க முற்படவில்லை. உலகங்கள் பலவாதல் அவர்க்கு ஒரு வாய்ப்பு. ‘இவள் வேறு வகையாக இருந்திருக்கக்கூடுமோ’ என்று நாம் உறவினரைப் பற்றி உள்ளத்துள் எண்ணுகின்றோம். அவ்வெண்ணத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்த அக்கற்பனை அவர்க்குப் பயன்படுகின்றது.

முகம் ஒன்று, மனம் வேறு

ஜானெட்டின் வருகைக்குப் பிறகே கதை தன் உண்மையான பொருளை அடைகின்றது. அவள் குவெண்டலினாக நடிக்கவேண்டியவளாகின்றாள். அவ்வுலகின் வரலாறும் வழக்கமும் அறியாமல் பாடவேளையில் தடுமாறுகின்றாள். அது நகைச்சுவைக்கு இடமாகின்றது. ஆனால் நகைச்சுவையின் உள்ளே ஒரு கடுமை இருக்கின்றது. குவெண்டலின் செய்த பிழைகள் அனைத்தும் ஜானெட்டின் தலைமேல் வீழ்கின்றன. பணிப்பெண் யூஃபீமியாவைத் தவளையாக்கியவள் குவெண்டலின். அதற்குரிய வெறுப்பை எதிர்கொள்பவள் ஜானெட். நாகக் குருதியால் பயன்பெற்றவள் குவெண்டலின்; அதற்குரிய விலை கேட்டு வணிகன் வந்து நெருக்குவது எஞ்சியிருப்போரை. செய்த வினை செய்தவரையே சென்று சேரும் என்பது நாம் கேட்டுப் பழகிய அறம். இங்கே வினை முகத்தைத் தேடி வருகின்றது. செய்தவரைத் தேடி வரவில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் செய்த தீங்கின் சுமையைப் பிறர் தாங்கும் நிலையை இதனினும் தெளிவாக ஒரு சிறுவர் கதை காட்டுதல் அரிது.

அச்சுமையை ஜானெட் தாங்கும் முறையே கேட்டின் கண்ணைத் திறக்கின்றது. அவள் அஞ்சுகின்றாள், ஆயினும் அவனையும் எண்ணிப் பார்க்கின்றாள். தனக்கு நேர்ந்த இடரிலும் நகைக்க அறிந்திருக்கின்றாள். தமக்கையின் முகத்தில் தன்மேற் கொண்ட அக்கறையை அவன் முதன்முறையாகக் காண்கின்றான். இதனால் அவனுக்கு உண்டாவது மகிழ்ச்சி மட்டுமன்று, குழப்பமுமாகும். அக்கறையுள்ள முகத்தைக் கண்ட பின்னரே, முன்னிருந்த முகத்தில் அக்கறை இல்லை என்பது அவனுக்குப் புலனாகின்றது. இல்லாத ஒன்றை இல்லையென்று அறிதற்கு ஒப்பீடு வேண்டும். அவ்வொப்பீட்டை ஒப்புரு தருகின்றது.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. குவெண்டலினின் கொடுமை பிறவியிலேயே அமைந்தது என்று கூறுவதற்கு இக்கதையில் இடமில்லை. ஒரே உடலமைப்பும் ஒரே தோற்றமும் உடைய ஜானெட் நல்லவள். அங்ஙனமாயின் வளர்ப்பே காரணம் எனலாமோ? அதற்கும் முழு இடமில்லை. குவெண்டலின் வளர்ந்த அதே வீட்டில், அதே அண்டை அயலாரிடையே வளர்ந்தவன்தானே கேட்? அவன் அவளைப் போலாகவில்லை. அவளுடைய ஆற்றலைக் கண்ட அயலார் அவளைப் புகழ்ந்து வளர்த்தனர் என்று ஆசிரியர் காட்டுவது உண்மை. ஆயினும் புகழ் அவளுக்கு வாய்ப்பைத் தந்ததேயன்றி அவள் செயலைத் தீர்மானிக்கவில்லை. பிறவி, வளர்ப்பு என்னும் இரு விடைகளையும் ஒப்புருவும் உடன்பிறப்பும் கொண்டு ஆசிரியர் தளரச் செய்கின்றார். எஞ்சுவது ஒருவர் தாமே மேற்கொள்ளும் தெரிவு. இதனை அவர் அறவுரையாக எங்கும் கூறவில்லை. கதையின் அமைப்பே கூறுகின்றது.

ஒப்புரு இல்லாத சிறுவன்

ஏறக்குறைய எல்லார்க்கும் பிற உலகங்களில் ஒப்புருக்கள் உண்டு எனக் கொண்ட ஆசிரியர், அரிதாக ஒருவர்க்கு அவை இல்லாமற் போதலும் உண்டு என்கின்றார். ஒரு தொகுதியில் உலகங்கள் ஒன்பது. பிற எட்டு உலகங்களிலும் பிறவாமற்போன ஒருவனிடத்தில் அவ்வொன்பது உயிரும் ஒருங்கே சேர்கின்றன. அவன் பேராற்றல் படைத்த மந்திரவாதியாகின்றான். கிரெஸ்டோமான்சி அத்தகையவர். கேட்டும் அத்தகையவனே. பூனைக்கு ஒன்பது உயிர் என்பது ஆங்கில மக்கள் வழக்கு. ‘கேட்’ என்னும் சொல்லின் பொருளும் பூனையே. தொடக்கம் முதல் எல்லாருடைய நாவிலும் வழங்கிய அவன் பெயரிலேயே கதையின் மறைபொருள் அடங்கியிருந்தது என்பதைப் படிப்போர் பின்னரே உணர்கின்றனர்.

அவ்வுணர்வு இன்பந் தருவதன்று. குவெண்டலின் காட்டிய பெருமந்திரங்கள் தம்பியின் ஆற்றலை அவனறியாமல் எடுத்துச் செய்தவை. அவனுடைய உயிர்கள் சிலவும் அவள் கையாற் செலவாகியுள்ளன. விளையாட்டுப் போல் அவனது வயலினை அவள் பூனையாக்கினாள். அப்பூனை அவன் உயிர்களுள் ஒன்று. சாதாரணத் தீக்குச்சிகளாகத் தோன்றியவற்றிலும் அவன் உயிர்களே வைக்கப்பட்டிருந்தன. படகு விபத்தில் தமக்கையைப் பற்றிக்கொண்டதால் பிழைத்தான் என்றது பொய். அவன் ஓர் உயிரை அங்கே இழந்தான் என்பதே மெய். நூலின் பெயர் இங்கே இருபொருள் தருகின்றது. எந்த இடரும் தீண்டாத நல்லூழ் பெற்ற வாழ்வை ஆங்கிலத்தில் ‘சார்ம்டு லைஃப்’ என்பர். மந்திரத்தால் கவரப்பட்ட உயிர் எனவும் அதற்குப் பொருள் கொள்ளலாம். முதற்பொருள் தமக்கைக்குரியதாகத் தோன்றுகின்றது. இரண்டாம் பொருள் தம்பிக்குரியதாக முடிகின்றது.

இதனைக் கதையின் ஒப்புருக் கொள்கையோடு இணைத்துக் காணுதல் வேண்டும். குவெண்டலினை அறிய ஜானெட் உதவினாள். கேட் தன்னை அறிய உதவுவார் எவருமிலர். அவன் வேறு வகையாக வாழும் உலகம் ஒன்றேனும் இல்லை. தன்னை எதனோடு ஒப்பிட்டு அவன் அறிவான்? தன்னை ஆற்றலற்றவன் என்று தமக்கை சொன்னதே அவனுக்குக் கண்ணாடியாக இருந்தது. அக்கண்ணாடி பொய்க்கண்ணாடி என்பதை அறியும் வரையில் ஒன்பது உயிருடைய செல்வன் ஓருயிர் உடையவனினும் ஏழையாக வாழ்கின்றான். தனித்தன்மை என்பது செல்வமாதலோடு தனிமையுமாகும் என்னும் இவ்வுண்மை நூலின் மிக ஆழ்ந்த பகுதி எனலாம்.

இறுதிப் பகுதியில் உலகங்களுக்கிடைப்பட்ட வாயிலைத் திறக்க விரும்புவோர் கேட்டைப் பலியிட முனைகின்றனர். குவெண்டலின் அதனைத் தடுக்கவில்லை. அக்கணத்தில் கேட் தன் ஆற்றல் தன்னுடையது என்று உணர்ந்து அதனைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றான். அவன் அவளைப் பழிவாங்கவில்லை. தன்னுடையதைக் கொடாமல் நிறுத்துகின்றான். அதுவே போதுமானதாகின்றது. அவள் தன் அரசுள்ள உலகிற்கு ஓடி, இனி எவரும் வாராதபடி வழியை அடைத்துக்கொள்கின்றாள். திருந்திய தமக்கை தம்பியைத் தழுவிக்கொண்டாள் என்று முடித்திருப்பின் கதை எளிதில் இனித்திருக்கும், உண்மை குறைந்திருக்கும். உறவினரால் பயன்படுத்தப்பட்ட சிறுவர் எல்லார்க்கும் அவ்வுறவினரின் மனமாற்றம் கிட்டுவதில்லை. அத்தகைய சிறுவர் இந்நூலைப் படிக்கும்போது, தம் அன்பு போதாமையால் அவர் திருந்தவில்லை என்று தம்மையே நொந்துகொள்ள வேண்டுவதில்லை என்னும் தெளிவைப் பெறுவர். அன்பு செலுத்தியவன் பிழை செய்தவன் அல்லன் என்று நூல் அவர்க்குச் சொல்கின்றது.

இக்கருத்து இந்நூலோடு நின்றுவிடவில்லை. கிரெஸ்டோமான்சியின் இளமையைக் கூறும் ‘தி லைவ்ஸ் ஆஃப் கிறிஸ்டபர் சான்ட்’ (1988) என்னும் நூலிலும் சிறுவன் தன் மாமனை மிக விரும்புகின்றான். அம்மாமன் அவனைப் பிற உலகங்களினின்று பொருள்களைக் களவாகக் கொண்டுவரப் பயன்படுத்துகின்றான். விரும்பப்படும் உறவினரே ஆற்றலைக் கவர்வோராதல் இத்தொடரில் மீண்டும் வருகின்றது. பெற்றோரின் கவனிப்புக் குறைந்த தம் இளமையைப் பற்றி ஜோன்ஸ் வெளிப்படையாக எழுதியுள்ளார். எனினும் ஆசிரியர் வாழ்வை நூலுக்கு உரையாக்குதல் எளிய வழி, நல்ல வழியன்று. ஒரே துயரைப் பட்ட பலருள் ஒருவரே அதற்கு இத்தகைய வடிவம் கண்டார். அவ்வடிவமே நம் ஆய்வுக்குரியது.

குறைகள்

நூலின் சிறப்பை ஏற்போர் அதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. அவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, ஜானெட்டின் இழப்பு. அவளுடைய பெற்றோரிடம் வேறோர் ஒப்புரு மகளாகச் சென்று சேர்ந்துள்ளாள். அவள் அங்கே மகிழ்ந்திருப்பதை அறிந்த ஜானெட் தன் உலகிற்குத் திரும்பாமல் தங்கிவிட இசைகின்றாள். இது பெருந்தன்மையான முடிவு. ஆனால் தாய் தந்தையரை விட்டு நீங்கும் ஒரு சிறுமியின் துயர்க்கு ஆசிரியர் ஒதுக்கிய இடம் மிகச் சிறிது. மேலும், ஒருத்தியின் இடத்தில் அவள் முகமுடைய மற்றொருத்தி அமர்தல் கூடும் என்பது, முகம் ஒன்றாயினும் மனம் வேறு என்று நூல் முழுதும் நிறுவிய உண்மையோடு முரணுகின்றது. ஜானெட் குவெண்டலின் அல்லள் என்றால், அவள் பெற்றோரிடம் உள்ளவளும் ஜானெட் அல்லள் அன்றோ? இவ்வினாவை ஆசிரியர் எழுப்பாமலே கதையை முடித்துவிடுகின்றார்.

இரண்டாவது, கிரெஸ்டோமான்சியின் மௌனம். வந்திருப்பவள் குவெண்டலின் அல்லள் என்பது அவர்க்குத் தெரியும். கேட்டின் உயிர்களைப் பற்றியும் அவர் அறிந்தவை பல. எனினும் அவர் சிறுவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. முன்னரே சொல்லியிருப்பின் கதை இல்லை என்பர் சிலர். அது கதைக்குக் காரணமாகுமேயன்றிக் கதைமாந்தர்க்குக் காரணமாகாது. ஆயினும் இக்குறைக்கு ஒருவகை விடை நூலிலேயே உள்ளது. சிறுவன் தன் அச்சத்தால் உண்மையை மறைக்கின்றான். பெரியவர் தம் ஐயத்தால் மறைக்கின்றார். இருவரும் ஒருவரையொருவர் தவறாகக் கண்டனர். தமக்கையை உள்ளவாறு காணாத சிறுவன் தன்னைக் காக்க வந்தவரையும் உள்ளவாறு காணவில்லை. அவர் குளிர்ந்த முகமும் அழகிய ஆடையும் உடையவர். ஆதலின் அன்பற்றவர் என அவன் எண்ணினான். முகத்தை நம்பியதால் வந்த பிழையின் மறுபுறம் இது. ஆகவே இம்மௌனம் கதைப் பொருளோடு இயைந்ததே. ஆனால் அவ்வியைபைப் படிப்போர் தாமே தேடிக் காணவேண்டியுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘சார்ம்டு லைஃப்’ நூலில் ஒப்புரு வியப்பின் பொருட்டு அமைந்ததன்று என்பது பெறப்படும். அது ஒப்பிட்டுத் தெரிதற்குரிய கருவி. ஜானெட் இல்லாவிடின் கேட் தன் தமக்கையை அறிந்திரான். கேட்டிற்கு ஒப்புரு இன்மையால் அவன் தன்னைத் தானே அறியவேண்டியவனாயினான். முன்னது பிறரை அறிதல். பின்னது தன்னை அறிதல். இரண்டிற்கும் ஒரே கற்பனையைப் பயன்படுத்தியமை ஆசிரியரின் திறம்.

கேட் தமக்கையை நம்பினான். அவன் கண் வழியாகவே கதையைக் காணும் நாமும் அவளை நெடுந்தொலைவு நம்பிச் செல்கின்றோம். பூனையும் தீக்குச்சியும் படகும் நம் கண்முன் இருந்தன. நாமும் அவற்றின் பொருளை உணரவில்லை. இளம் வாசகர் நூலை முடித்து மீண்டும் முதற்பக்கத்திற்குத் திரும்பும்போது, முன்பு அன்பெனப் படித்த இடத்தில் வேறொன்றைப் படிக்கின்றனர். ஒரே சொற்கள், வேறு பொருள். முகத்தை விட்டு உள்ளத்தைத் தேரும் பயிற்சியை ஓர் அறநூல் விதியாகக் கூறும். இந்நூல் படிப்போரையே அப்பிழையில் ஈடுபடுத்திப் பின் மீட்கின்றது. சிறுவர் கற்பனைக் கதையின்கண் ஆராய்தற்குரியது யாது என்று தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இதுவே விடையாகும்.